டிசம்பரில் ஆராதனைக்கு முதலிடம்: எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை சாலையோரக் கடைகளில் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் வீட்டில் யாருக்கும் நேரம் இருக்காது. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் வந்த நாளிலிருந்தே கல்யாணம், பால்காய்ப்பு (புதுவீடு புகுதல்) என்று அலைவார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், துணி எடுக்க வேண்டும், பலகாரம் சுட வேண்டும். இவ்வளவும் முடிந்து 24-ஆம் தேதி இரவு ஆலயத்தில் உட்காரும்போது கண் சொருகுகிறது. இயேசு பிறந்த செய்தி வாசிக்கப்படும்போது பாதிப் பேர் தூக்கத்தில் இருக்கிறோம்.

இதை மாற்ற ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஜெபத்துக்கும் ஆராதனைக்கும் உரிய நேரத்தை முதலில் குறித்துவிடுங்கள், மற்ற வேலைகளை மீதி நேரத்தில் அடுக்குங்கள். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறு.

படி 1: காலண்டரில் முதலில் எழுத வேண்டியவை

சுவரில் தொங்கும் காலண்டரை எடுத்து மேஜையில் வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் வட்டமிடுங்கள். இதுதான் திருவருகைக் காலம். இதன் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் ஒரு தேதியில் வரும். அப்புறம் கேரல் ஆராதனை, 24 இரவு, 25 காலை, 31 இரவு விழிப்பு ஆராதனை, ஜனவரி 1. ஒவ்வொரு ஆலயத்திலும் நேரம் வேறுபடும். போன வருடத்து நேரத்தை நம்பாமல் சபை அலுவலகத்திலோ பங்கு அலுவலகத்திலோ கேட்டு எழுதுங்கள்.

நம் பகுதியில் ஒரே தெருவில் சி.எஸ்.ஐ., லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரை, இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் இருப்போம். ஒரே குடும்பத்திலும் அப்படித்தான். அம்மா வீடு பாறசாலைப் பக்கம், அங்கே மலையாளத்தில் பூசை. அப்பா வீடு அருமனைப் பக்கம், இங்கே தமிழ் ஆராதனை. எந்த இரவு எங்கே போவது என்பதை டிசம்பர் முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். 24-ஆம் தேதி சாயங்காலம் அதைப் பேச ஆரம்பித்தால் மனத்தாங்கலோடுதான் ஆலயத்துக்குப் போவீர்கள். மலையாளம் சரியாகப் புரியாத பிள்ளைகள் இருந்தால், அன்றைய வேதபாடத்தைப் புறப்படுவதற்கு முன் தமிழில் ஒருமுறை வாசித்துக் கொடுங்கள்.

படி 2: தினமும் கால்மணி நேரம்

இந்த மாதத்தில் ஒரே ஒரு காரியத்தைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

இரவு ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் எழ வேண்டும், ஆகவே அவர்கள் வீடுகளில் ஏழரை மணிக்குள் முடிப்பது நல்லது. வளைகுடாவில் இருக்கும் அப்பாவையோ அண்ணனையோ வீடியோ காலில் சேர்க்க வேண்டுமானால் எட்டரை வசதி: அப்போது துபாயிலும் மஸ்கட்டிலும் ஏழு மணி, சவுதியிலும் கத்தாரிலும் ஆறு மணி. டிசம்பர் 25 அங்கே பலருக்கு ட்யூட்டி நாள்தான். தினமும் வீட்டாரோடு சேர்ந்து ஜெபிக்கிற அந்தக் கால்மணி நேரம் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பது வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு போனைத் தவிர மற்றவை எல்லாம் அடுத்த அறையில் இருக்கட்டும். டி.வி.யை அணைத்துவிடுங்கள்.

முறை சுலபம். ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், ஒரு நிமிடம் அமைதி, யாராவது ஒருவர் ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபம். பிரசங்கம் வேண்டாம். அப்பா விளக்கவுரை ஆரம்பித்தால் பிள்ளைகள் நெளிவார்கள், மறுநாள் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். ஜெபம் செய்கிறவர் நாளுக்கு நாள் மாறட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு நாள் கொடுங்கள்.

எதை வாசிப்பது? முதல் வாரம் தீர்க்கதரிசனங்கள்: ஏசாயா 9, ஏசாயா 11, மீகா 5 ஆகியவற்றின் முதல் பகுதிகள். இரண்டாம் வாரம் சகரியாவும் எலிசபெத்தும்: லூக்கா முதல் அதிகாரத்தில் 5 முதல் 25 வரை, பிறகு 57 முதல் 80 வரை. மூன்றாம் வாரம் மரியாளும் யோசேப்பும்: லூக்கா 1:26 முதல் 56 வரை, மத்தேயு 1:18 முதல் 25 வரை. நான்காம் வாரம் லூக்கா 2, முதல் இருபது வசனங்கள். பகுதிகளைச் சிறிது சிறிதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே பகுதியை இரண்டு நாள் வாசித்தாலும் தவறில்லை. வீட்டில் தமிழ் வேதாகமமும் மலையாள வேதாகமமும் இருந்தால் ஒரே பகுதியை இரண்டிலும் வாசியுங்கள். மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அப்போது ஒரு பங்கு கிடைக்கும். பெரியவர்கள் தனியாக வாசிக்க இன்னொரு வழி உண்டு. லூக்காவில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒன்று என்று வாசித்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இயேசுவின் உயிர்த்தெழுதலில் வந்து முடியும். அந்தக் குழந்தை யார் என்று முழுதாக அறிந்தபிறகு அதைக் கிடத்திய முன்னணைக்கு (மாட்டுத் தீவனத் தொட்டிக்கு) முன் போய் நிற்கலாம்.

ஜெபம் செய்யும் இடத்தில் மெழுகுதிரி வளையம் வைக்க விரும்பினால் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு ஸ்டீல் தாம்பாளத்தில் ஈர மணலை விரல் நீளத்துக்குப் பரப்புங்கள். நான்கு மெழுகுதிரிகளை அதில் ஊன்றுங்கள். சுற்றிலும் முற்றத்தில் இருக்கும் குரோட்டன் இலை, வேலியோரத்துப் பெரணி இலை எதையாவது செருகுங்கள். முதல் வாரம் ஒரு திரி, இரண்டாம் வாரம் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். வழக்கப்படி மூன்று ஊதா நிறம். மூன்றாம் ஞாயிறுக்கு உரியது மட்டும் ரோஸ் நிறம். கிடைக்காவிட்டால் நான்கும் வெள்ளையாக இருக்கட்டும். இலை காய்ந்தால் உடனே மாற்றிவிடுங்கள், சுடர் பட்டால் பற்றிக்கொள்ளும். திரியை ஏற்றுகிற வேலை வீட்டில் கடைக்குட்டிக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க.

நோன்பையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். கேரளத்துச் சிரியன் மரபுச் சபைகளில் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு உண்டு, இறைச்சி தவிர்ப்பார்கள். நம் மலங்கரை அண்டை வீட்டார் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லாவிட்டாலும் வாரத்தில் ஒரு நாள் எளிய சாப்பாடு சாப்பிட்டு, மிச்சமாகும் பணத்தை ஒரு டப்பாவில் போடலாம். டப்பா யாருக்கு என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

படி 3: குடில்

இயேசு பிறந்த கொட்டகையைக் காட்டும் குமரி மாவட்டத்துக் குடில்களுக்கு ஈடு கிடையாது. ஓடும் தண்ணீர், சுற்றும் சக்கரம், மலை, பாலம் எல்லாம் வைத்துக் கட்டுகிற நம் வாலிபர்களின் கைத்திறனை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் 24 இரவு முழுக்க குடில் வேலை செய்துவிட்டு, ஆராதனை நேரத்தில் மைதானத்தில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களையும் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் வைக்கோல் நிரப்பிய முன்னணையையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தியபோது, அதன்மேல்தான் அந்த இரவின் திருப்பலி நடந்தது. குடில் வந்ததே மக்களை ஆராதனைக்குள் அழைத்து வரத்தான். ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: 24-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு மேல் குடிலில் யாரும் சுத்தியல் எடுக்கக் கூடாது.

வீட்டுக் குடில் சிறிதாக இருக்கட்டும், மெதுவாக வளரட்டும். முதல் வாரம் வெறும் கொட்டகையும் வைக்கோலும். அடுத்து ஆடு மாடுகள். மூன்றாம் வாரம் மரியாளும் யோசேப்பும். குழந்தை இயேசுவை 24 இரவு ஆராதனை முடிந்து வந்தபிறகு, எல்லாரும் நிற்க, பாட்டுப் பாடி வையுங்கள். அதுவரை முன்னணை காலியாகவே இருக்க வேண்டும். பிள்ளைகள் தினமும் எட்டிப் பார்த்து “எப்போ வைப்போம்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே காலியாக வைக்கலாம். கிழக்கிலிருந்து குழந்தையைத் தேடி வந்த சாஸ்திரிகளை (ஞானிகளை) மட்டும் டி.வி. ஸ்டாண்டின் மேல் தூரமாக நிறுத்திவிடுங்கள். அவர்கள் ஜனவரி 6-க்குத்தான் வந்து சேர வேண்டும். நாளுக்குச் சாண் சாணாக நகர்த்துகிற வேலை பிள்ளைகளுடையது.

படி 4: அடுக்களை

இதைச் சொல்லாமல் மற்ற எதைச் சொல்லியும் பயனில்லை. பல வீடுகளில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வர முடியாமல் போகிறவர், வந்தாலும் பாதியில் எழுந்து போகிறவர், அம்மாதான். எல்லாருக்கும் பண்டிகை நடக்க அவர் அடுப்படியில் நிற்கிறார்.

முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் பல நாள் தாங்கும். கொத்துக்குப் பயறு வறுத்துத் திரிப்பது, தேங்காய் வறுப்பது, கருப்பட்டிப் பாகு காய்ச்சுவது எல்லாம் 20-ஆம் தேதிக்குள் முடியட்டும். உருட்டுவதற்கு வீட்டில் எல்லாரும் உட்காருங்கள், ஆண்களும்தான். பாகு சூடு ஆறுமுன் உருட்டியாக வேண்டும் என்பதால் கைகள் கூடினால் வேலையும் சீக்கிரம் முடியும், பாட்டும் வரும். 23-ஆம் தேதியோடு எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிடுங்கள். ஆப்பத்துக்கான மாவை 24 மதியமே அரைத்து வைத்தால் அது பொங்குகிற நேரத்தில் நீங்கள் ஆலயத்தில் இருக்கலாம். இறைச்சிக்கடை வரிசையில் 25 விடியற்காலை போய் நிற்பது வீட்டு ஆண்களின் பழக்கம்; அதனால் காலை ஆராதனை தவறும். முந்தின நாள் வாங்கிவிடுங்கள், அல்லது ஆராதனை முடிந்து வாங்கி மத்தியானச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

படி 5: கேரல் பவனி

வாலிபர் சங்கமோ அன்பியமோ (கத்தோலிக்கப் பங்கின் சிறு குழு) ஓய்வுநாள் பள்ளியோ, யார் போனாலும் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியம் நடக்கட்டும்: இரண்டு பாட்டு, லூக்கா 2-இலிருந்து சில வசனங்கள், அந்த வீட்டாரின் பெயர் சொல்லி ஒரு ஜெபம். தாத்தா வேடமும் மேளமும் சிறுவர்களுக்குச் சந்தோஷம், இருக்கட்டும். பாட்டை முழுதாகப் பாடாமல் காணிக்கைக் கவரை நீட்டுவது மட்டும் வேண்டாம்.

பட்டியல் போடும்போது ஆலயத்துக்கு வர முடியாதவர்களின் வீடுகளை முதலில் எழுதுங்கள். பக்கவாதம் வந்து கட்டிலோடு இருக்கும் ஒருவருக்கு, அறைக்குள் நான்கு பேர் போய், மேளமில்லாமல் அவருக்குத் தெரிந்த பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடிப் பாருங்கள். பேச்சு வராதவரின் உதடு அசையும். ஊர் முழுக்கச் சுற்றி முடித்துக் களைத்த பிறகு கடைசியாக அங்கே போவது சரியல்ல. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அதைக் கடைப்பிடியுங்கள். மற்ற மதத்து அண்டை வீட்டார் அழைத்தால் சந்தோஷமாகப் போய்ப் பாடுங்கள். நம் ஊர்களில் பலர் அழைப்பார்கள்.

படி 6: செலவு

பட்டியலின் முதல் வரியில் காணிக்கையையும் உதவியையும் எழுதுங்கள், துணிமணி அதற்குக் கீழே. நட்சத்திரமும் விளக்குச் சரமும் போன வருடத்தவை எரிகின்றனவா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

படி 7: துக்கத்துக்கு இடம்

நம் கடற்கரையில் டிசம்பர் சந்தோஷத்தின் மாதம் மட்டுமல்ல. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கமும் எல்லைக்கு அப்பால் பூந்துறை, விழிஞ்ஞம் பக்கமும் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மேலமணக்குடியிலும் எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட வீடுகளில் போய் “ஹேப்பி கிறிஸ்துமஸ்” என்று கத்துவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். போகாமல் இருந்துவிடவும் வேண்டாம். உட்கார்ந்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

உங்கள் வீட்டிலேயே அந்த வருடம் மரணம் நடந்திருந்தால் நட்சத்திரம் கட்டலாமா என்று தயங்குவீர்கள். கட்டுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். குடும்ப ஜெபத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில், ஏரோது ராஜா பெத்லெகேமின் குழந்தைகளைக் கொன்றதைச் சொல்லும் இடத்தில், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிற வசனம் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பின் வரலாற்றுக்குள்ளேயே அந்த அழுகை இருக்கிறது. அதை வாசித்து அழலாம்.

படி 8: 25-க்குப் பிறகு

26-ஆம் தேதி காலையிலேயே எல்லாம் முடிந்துபோன மாதிரி ஆகிவிடுவது வழக்கம். திருச்சபை மரபில் கிறிஸ்துமஸ் காலம் 25-ஆம் தேதிதான் தொடங்குகிறது. சாஸ்திரிகளின் வருகையை நினைக்கும் ஜனவரி 6 திருக்காட்சித் திருநாள் வரை போகிறது. இந்த நாட்களில் சிமியோனையும் அன்னாளையும் பற்றி லூக்கா 2:25 முதல் 38 வரை வாசியுங்கள், பிறகு மத்தேயு 2. 31 இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசன அட்டையை வேதாகமத்துக்குள் மறைக்காமல், தினமும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள்.

விடுமுறையில் பிள்ளைகளைத் திருவனந்தபுரம் மாலுக்குக் கூட்டிப் போவீர்கள், போங்கள். இன்னொரு நாள் மயிலாடிக்கும் போங்கள். அந்த ஊர்க்காரரான மகராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று ஜெர்மானிய மிஷனரியான ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கிய ஊர் அது. அங்கிருந்து பக்கத்தில்தான் ஆரல்வாய்மொழி. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் விசுவாசத்துக்காகச் சுடப்பட்ட காற்றாடிமலை அங்கே இருக்கிறது. 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார்கள். எந்தச் சபைப் பிள்ளையாக இருந்தாலும், இந்த மண்ணில் இந்த விசுவாசம் என்ன விலை கொடுத்து வந்தது என்று அங்கே நின்று கேட்டால் மனதில் நிற்கும்.

ஜனவரி 6 இரவு சாஸ்திரிகள் குடிலுக்கு வந்து சேரட்டும். மறுநாள் நட்சத்திரத்தைக் கழற்றி, பொம்மைகளைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ஜெப நேரத்தை மாற்ற வேண்டாம். அன்றைக்கு லூக்கா 3.