ஸ்ட்ரைக்கரின் கோல்களைப் பற்றி வாதிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதையே முதல் வேலையாகக் கொண்ட முன்வரிசை ஆட்டக்காரர், எத்தனை கோல் அடித்தார் என்பதில் கால்பந்து ரசிகர்களுக்குள் சண்டை வருவது அபூர்வம்; எப்படி அடித்தார் என்பதில்தான் வருகிறது. "பாதி பெனால்ட்டி", "சும்மா காலை நீட்டினார், பந்து உள்ளே போய்விட்டது", "பந்து கொடுத்தவருக்குத்தான் பெருமை சேர வேண்டும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் மொத்த எண்ணிக்கையை எடுத்து வீசுவார். இருவரும் கோலின் கடைசி நொடியை மட்டுமே பார்த்திருப்பதால், வாதம் தொடங்கிய இடத்தை விட்டு நகர்வதில்லை.

மிகப் பரவலான தவறு, டேப்-இன் எனப்படும் கோல்களை, அதாவது வலைக்கு மிக அருகிலிருந்து தட்டிவிடப்படும் கோல்களை, மட்டமாக எண்ணுவது. கோல் கம்பங்களுக்கு இடையிலான அகலம் 7.32 மீட்டர், அதற்கு நேர் முன்னால் ஐந்தாறு மீட்டர் தொலைவில் எதிரணி ஆள் ஒருவரைத் தனியாக நிற்கவிட எந்த டிஃபெண்டரும் (தடுப்பாட்டக்காரரும்) சம்மதிக்க மாட்டார். அப்படியிருந்தும் ஒருவர் வாரந்தோறும் அதே இடத்தில் தனியாகப் பந்தைச் சந்திக்கிறார் என்றால், அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிட முடியாது.

ஒரு கோலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வலது ஓரத்தில் சக ஆட்டக்காரர் பந்துடன் எல்லைக்கோட்டை நெருங்குகிறார். நடுவிலுள்ள டிஃபெண்டர் பந்தையும் கவனிக்க வேண்டும், ஸ்ட்ரைக்கரையும் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே பார்வையில் அடங்காதபடி ஸ்ட்ரைக்கர் அவருடைய முதுகுப் பக்கமாக நின்றுகொள்கிறார். அருகிலுள்ள கம்பத்தை நோக்கி இரண்டு எட்டு வைக்கிறார். டிஃபெண்டரும் அந்தப் பக்கம் சாய்கிறார். கிராஸ் (ஓரத்திலிருந்து நடுவுக்கு அனுப்பும் பந்து) வருகிறதா என்று அவர் தலையைத் திருப்பும் அந்தக் கணத்தில் ஸ்ட்ரைக்கர் சட்டென்று நின்று, தூரத்துக் கம்பத்தின் பக்கம் நழுவிவிடுகிறார். இருவருக்கும் நடுவே இப்போது ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விழுந்திருக்கிறது. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அதற்குப் பிறகு நடப்பதைத்தான்.

மேற்கு ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68 கோல் அடித்த கெர்ட் முல்லரின் கோல்களில் பெரும்பகுதி இந்த வகைதான். 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 43ஆவது நிமிடத்தில், வலப்பக்கத்திலிருந்து சக ஆட்டக்காரர் போன்ஹோஃப் அனுப்பிய பந்து முல்லரின் காலில் பட்டுச் சற்றுப் பின்னால் சென்றது. அவர் அதற்கேற்ப உடலைப் பின்னிழுத்து, திரும்பிய வேகத்திலேயே தரையோடு அடித்தார். வேகமோ அழகோ இல்லாத அந்த அடிதான் நெதர்லாந்துக்கு எதிரான வெற்றி கோல். நானும் பல ஆண்டுகள் இத்தாலியின் இன்ஸாகியை வெறும் அதிர்ஷ்டக்காரர் என்று சாதித்து வந்தவன்தான். 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் சக ஆட்டக்காரர் பிர்லோ அடித்த ஃப்ரீ கிக் அவருடைய உடலில் பட்டுத் திசை மாறி உள்ளே போனபோது என் கட்சி வென்றுவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அதே ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், ஆஃப்சைடு கோட்டை (எதிரணியின் கடைசி டிஃபெண்டர் நிற்கும் வரிசையை) ஒட்டி ஓடி, காகாவின் பாஸை வாங்கி, கோல்கீப்பரைச் சுற்றிச் சென்று அவர் அடித்த கோலுக்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது பெனால்ட்டி, அதாவது கோலுக்கு அருகில் எதிரணி செய்த தவறுக்காக, கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் உதை. இதில் இரு தரப்பாரும் சம அளவில் தவறு செய்கிறார்கள். பெனால்ட்டிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 முதல் 80 வரை கோலாகின்றன. மற்ற ஷாட்களிலோ பத்தில் ஒன்றுதான் உள்ளே போகிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டையும் ஒரே பையில் போட்டு எண்ணுவது சரியாகாது. 2022 உலகக் கோப்பையில் எம்பாப்பே 8 கோலும் மெஸ்ஸி 7 கோலும் அடித்தார்கள். பெனால்ட்டிகளைக் கழித்தால் அது 6 என்றும் 3 என்றும் ஆகிறது. அதற்காக அவற்றை அடியோடு தள்ளிவிடுவதும் தவறுதான், ஏனெனில் பெனால்ட்டி எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் ஹாரி கேன் அடித்த பெனால்ட்டி, கார்னரின்போது அவரையே இழுத்துத் தள்ளியதற்காகக் கிடைத்தது. தன்னைப் பிடித்து நிறுத்த வேண்டிய நிலைக்கு டிஃபெண்டரைத் தள்ளியதும் ஸ்ட்ரைக்கரின் வேலைதான். ஆகவே பெனால்ட்டிகளைத் தனிக் கணக்காக எழுதிக்கொள்வதே நேர்மையான வழி. ஆட்டம் சமநிலையில் முடிந்தபின் நடக்கும் ஷூட்-அவுட்டில் அடிப்பவை எவருடைய கோல் கணக்கிலும் சேராது என்பதைக்கூடப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெலேயின் புகழ்பெற்ற ஆயிரமாவது கோலும், 1969 நவம்பரில் மரக்கானா மைதானத்தில், ஒரு பெனால்ட்டியாகவே வந்தது. அந்த ஆயிரத்துக்குள் நட்பு ஆட்டங்களின் கோல்களும் அடங்கும் என்பதால், இன்றைய வீரர்களின் எண்ணிக்கையோடு அதை நேருக்கு நேர் வைப்பதில் பொருளில்லை.

"அந்த அணியில் யார் இருந்தாலும் அடிப்பார்கள்" என்ற வாதத்துக்கு நார்வே ஸ்ட்ரைக்கர் ஹாலண்டை உதாரணம் காட்டுவார்கள். 2022-23 பருவத்தில் அவர் மான்செஸ்டர் சிட்டிக்காக 35 லீக் ஆட்டங்களில் 36 கோல் அடித்தார். அவர் இல்லாத முந்தைய பருவத்தில் அந்த அணி லீக்கில் மொத்தம் 99 கோல் அடித்திருந்தது. அவர் வந்த பருவத்தில் 94. அப்படியானால் மற்றவர்களின் கோலைத்தானே இவர் எடுத்துக்கொண்டார் என்று கேட்கத் தோன்றும். ஆனால் முந்தைய பருவத்தில் லீக்கில் அந்த அணிக்காக அதிக கோல் அடித்த டி பிராய்னவின் கணக்கு 15தான். பலரிடம் பிரிந்து கிடந்த வேலையை ஒரே ஆள் எடுத்துச் செய்திருக்கிறார். அதைச் சாதாரண ஆள் செய்துவிட முடியுமா என்பதற்கு இந்த இரண்டு மொத்தங்களில் விடை கிடையாது. தவிர, நல்ல பாஸ் என்பது பாதி ஓடுபவரின் படைப்பு. ஓட்டம் தொடங்காத இடத்துக்குப் பந்தை அனுப்பினால், அது எல்லைக்கோட்டைத் தாண்டி எதிரணியின் கோல் கிக்காகத்தான் முடியும்.

இப்போது எல்லோர் வாயிலும் புழங்கும் எக்ஸ்ஜி (expected goals, எதிர்பார்க்கத்தக்க கோல்கள்) என்ற கணக்கும் இதே இடத்தில்தான் பிசகுகிறது. ஒத்த நிலைகளிலிருந்து முன்பு அடிக்கப்பட்ட ஷாட்களில் எத்தனை கோலாயின என்பதை வைத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு மதிப்பைத் தருகிறது இது. ஒருவர் இந்த மதிப்பின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக அடித்தால் "கெட்டிக்காரர்" என்றும், குறைவாக அடித்தால் "வீணடிப்பவர்" என்றும் முடிவு கட்டிவிடுகிறார்கள். கூட்டுத்தொகை பெரிதாக இருப்பதே, நல்ல இடங்களுக்கு அவர் அடிக்கடி போய்ச் சேர்கிறார் என்பதற்கான சான்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஓர் ஆட்டத்தையோ ஒரு மாதத்தையோ வைத்துப் பேசுவது இன்னும் மோசம். 2015 செப்டம்பரில் வொல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக பேயர்ன் மியூனிக் அணியின் மாற்று வீரராக இறங்கிய லெவாண்டோவ்ஸ்கி ஒன்பதே நிமிடங்களில் ஐந்து கோல் அடித்தார். அவருடைய வழக்கமான திறனை அந்த ஒன்பது நிமிடங்களைக் கொண்டு அளக்க அவரே ஒப்பமாட்டார்.

கோல் தொகுப்புக் காணொளிகளை மட்டும் பார்த்துவிட்டு வாதிட வருவதும் கூடாது. அவற்றில் தவறவிட்ட ஷாட்கள் இருக்காது. பந்து வராமலே போன ஓட்டங்கள் அறவே இருக்காது. வலது காலா, இடது காலா, தலையா என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் கிடையாது.

கோலே அடிக்காத ஸ்ட்ரைக்கரை பயனற்ற ஆளாகக் கருதும் தவறு ஒன்று மிஞ்சுகிறது. 2018 உலகக் கோப்பையில் ஒலிவியே ஜிரூ பிரான்ஸின் ஏழு ஆட்டங்களிலும் இறங்கினார். ஒரு கோலும் அடிக்கவில்லை என்பது மட்டுமல்ல, அவருடைய ஒரு ஷாட்கூட வலையை நோக்கிச் செல்லவில்லை. கேலிக்கு அளவே இல்லை. ஆனால் நெட்டையான, வலுவான அந்த மனிதர் மையத்தில் டிஃபெண்டர்களை மல்லுக்கு இழுத்து நிறுத்தியதால் திறந்த இடங்களில் கிரீஸ்மானும் எம்பாப்பேவும் ஓடினார்கள். இருவரும் ஆளுக்கு நான்கு கோல் அடித்தார்கள். முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக மட்டும் இறக்கப்பட்ட ஜிரூவை, அடுத்த ஆறு ஆட்டங்களிலும் தொடக்க அணியிலேயே வைத்திருந்தார் பயிற்சியாளர் டெஷாம்.