கொடைக்கானலில் அருந்ததி பார்ப்பது எப்படி?

மே மாத சீசனுக்குக் கொடைக்கானல் வருகிறவர்கள், ராத்திரி போர்வைக்குள் நுழையும் முன்னால் கொஞ்சம் வடக்கே பாருங்கள். கல்யாணத்தில் பட்டப்பகலில் ஐயர் காட்ட, நாமும் தெரிந்த மாதிரி தலையாட்டிவைத்தோமே, அந்த அருந்ததியை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

முதலில் நாள் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய நாள்தான் சரி, நிலா வெளிச்சம் இருந்தால் மங்கலான அருந்ததி கண்ணில் படாது. அருந்ததிக்கு அரபியில் சுஹா என்றும் பெயர், "நான் அவளுக்கு சுஹாவைக் காட்டுகிறேன், அவள் எனக்கு நிலாவைக் காட்டுகிறாள்" என்று அரபியில் ஒரு பழமொழியே உண்டு.

அடுத்தது திசை. பழனி கொடைக்கானலுக்கு ஏறக்குறைய நேர் வடக்கு. அதனால் மலைச்சரிவுக்குக் கீழே பழனி வெளிச்சம் தெரிகிற பக்கம் திரும்பி நின்றால் போதும், காம்பஸ் வேண்டாம். இருட்டைத் தேடித் தனியாகப் போகாதீர்கள், இங்கே காட்டுமாடு ரோட்டிலேயே நிற்கும்! தங்குகிற இடத்து மொட்டைமாடி போதும். போனை உள்ளே வைத்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள்.

மே நடுவில் ராத்திரி பத்து மணி வாக்கில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரத்தில், கவிழ்த்த அகப்பை மாதிரி ஏழு நட்சத்திரங்கள் இருக்கும். அதுதான் சப்தரிஷி. காம்பு வலப்பக்கம் நீளும், அதன் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர், அரபுப் பெயர் மிசார், அதாவது இடுப்பில் கட்டும் துணி. அதையே பார்த்துக்கொண்டிருங்கள். வலது பக்கம், லேசாகக் கீழே, முழுநிலாவின் அகலத்தில் பாதிகூட இல்லாத இடைவெளியில் மங்கலாக ஒரு புள்ளி தெரியும். அதுதான் அருந்ததி, வானியலில் அல்கோர் என்பார்கள். பிடிபடவில்லையா? நேராக முறைக்காமல் பார்வையைச் சற்று ஓரமாக வையுங்கள், கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிடாதீர்கள்.

பைனாகுலர் இருந்தால் இரண்டும் நன்றாக விலகித் தெரியும், பக்கத்தில் இன்னொரு மங்கல் நட்சத்திரமும் தெரியும். அது இவர்களோடு சம்பந்தமே இல்லாமல் வெகு தூரத்தில் இருப்பது, ஆனால் 1722-ல் ஒரு ஜெர்மானியர் அதைக் கிரகம் என்று நினைத்துத் தன் ஊர் அரசர் பெயரையே வைத்துவிட்டார்.

சின்ன டெலஸ்கோப் கிடைத்தால் விடாதீர்கள், வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். 1617-லேயே கலிலியோவின் சீடர் காஸ்டெல்லி இதைப் பார்த்துவிட்டார். அந்த இரண்டும் தனித்தனியே ஜோடிகள், அருந்ததிக்கும் ஒரு துணை இருப்பது 2009-ல்தான் தெரிந்தது, ஆக மொத்தம் ஆறு நட்சத்திரங்கள். அப்புறம், இங்கத்திய பனியில் லென்ஸ் சீக்கிரம் வேர்த்துவிடும், சட்டை நுனியால் துடைக்காமல் மெல்லிய துணி ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.