பம்பின் முதுகைக் காட்டி இரண்டு நாளை வீணாக்கினேன்

கோவை கொடிசியா வளாகத்தில் நடந்த விவசாயக் கண்காட்சியில் எங்கள் பம்ப்செட்டுக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் ஸ்டால். முதல் இரண்டு நாளும் மக்கள் எட்டிப் பார்த்தார்கள், நோட்டீஸ் வாங்கினார்கள், நகர்ந்தார்கள். உள்ளே ஒருவரும் கால் வைக்கவில்லை.

கூடுதலாக இரண்டு விளக்கு மாட்டினோம். பேனரைப் பெரிதாக்கினோம். மிட்டாய்க் கிண்ணம் வைத்தோம். மிட்டாய் தீர்ந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் மாலை எதிர் ஸ்டாலில் தேநீர் குடித்தபடி பார்த்தபோதுதான் பிடிபட்டது. முன்னால் குறுக்கே போட்ட மேசை ரேஷன் கடையை நினைவூட்டியது. அதைவிட மோசம்: கூட்டம் முழுவதும் இடப்பக்கக் கதவிலிருந்து வருகிறது, உட்புறம் தெரிய வெட்டிய மாதிரி பம்போ வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. வருகிறவர்கள் கண்டது அதன் பச்சை முதுகை மட்டும்.

மேசையைப் பக்கச் சுவரோடு ஒட்டினேன். நாற்காலிகளை அகற்றினேன் (உட்கார்ந்திருப்பவரை எழுப்பிக் கேட்கப் பலருக்குக் கூச்சம்). பம்பை நடைபாதை மூலைக்கு நகர்த்தி, இம்பெல்லர் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தெரிய இடப்புறம் திருப்பி, இடுப்புயரத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை முதலில் வந்த பெரியவர் இம்பெல்லரை விரலால் சுழற்றிப் பார்த்துவிட்டு, "எத்தனை அடியிலிருந்து தூக்கும் தம்பி?" என்றார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் பின்னால் மூவர் நின்றிருந்தார்கள்.