யாழ்ப்பாணத்தில் வானோடு தங்க இடம் பிடித்த விதம்

கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் வானில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு அறை கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. வானை விடத்தான் இடம் இல்லை. ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் விசாரித்தேன். ஒரு விடுதியில் வாகனத்துக்குத் தனியாகக் காசு கேட்டார்கள், இன்னொன்றில் "றோட்டிலயே விடுங்கோ" என்றார்கள். சாமான் ஏற்றிய வானை இரவு முழுக்க றோட்டில் விட எனக்கு மனம் வரவில்லை.

சரி, டவுனை விட்டு விலகிப் பார்ப்போம் என்று கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் தேடினேன். அங்கே பழைய வீடுகளுக்குப் பெரிய வளவு, மதில், கேற் எல்லாம் உண்டு. அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டுக்கு அழைத்துக் கேட்டேன்.

"அக்கா, வான் வளவுக்குள்ள வருமோ? இரவு பிந்தி வந்தால் கேற் திறப்பீங்களோ?"

"வாங்கோ தம்பி, மாமரத்துக்குக் கீழ விடலாம். அதுக்குக் காசில்லை."

கேற்றையும் ஒழுங்கையையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். இதைக் கட்டாயம் கேளுங்கள். ஒழுங்கை ஒடுக்கமென்றால் பெரிய வான் திரும்பாது, வளவு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

ஆடி, ஆவணியில் போவதானால் இன்னொன்று. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். அந்தப் பக்கம் அறை எடுக்கிறவர்கள் வீடு தடைக்கு உள்ளேயா வெளியேயா என்று முதலே கேட்டுவிடுங்கள்.

டவுனுக்கு நாங்கள் ஓட்டோவில் போனோம். கோட்டையும் பொது நூலகமும் கிட்டத்தான், நடந்தே பார்த்தோம்.