2,02,76,51,281: பேப்பர் பேனாவுல இந்த நம்பரை காரணிகளா உடைக்கிறது எப்படி

நம்பரைப் பார்த்ததும் 3, 7, 11னு வரிசையா வகுக்க உக்காந்துடாதீங்க. இதோட வர்க்கமூலம் 45,029 சொச்சம், அதுக்குள்ள பகா எண்களே நாலாயிரத்துக்கு மேல கிடக்கு, பொழுது விடிஞ்சிரும். 1640கள்ல பிரெஞ்சுக்காரர் பெர்மா காரணி கண்டுபிடிக்கிற தன்னோட முறைக்கு (நாம கீழ பாக்கப்போறதும் அதுதான்) உதாரணமா எடுத்துக்கிட்டதே இந்த நம்பர்தான் (மனுஷன் தொழில்ல சட்டம், கணக்கு சும்மா ஆசைக்கு!).

சின்னதுங்களை மட்டும் முதல்ல தட்டி விட்ருங்க. கடைசி இலக்கம் 1, அதனால 2ம் 5ம் அவுட். இலக்கங்களைக் கூட்டினா 34, 3ம் போச்சு. 7, 11, 13 மூணையும் ஒரே அடியில பாக்கலாம், ஏன்னா 7 × 11 × 13 = 1001. வலதுபக்கத்துல இருந்து மும்மூணு இலக்கமா வெட்டி மாத்தி மாத்தி கழிச்சு கூட்டுங்க: 281 − 651 + 27 − 2 = −345. இந்த 345 அந்த மூணுல எதாலயும் வகுபடாது, அப்போ நம்ம நம்பரும் வகுபடாது.

இப்போதான் மெயின் வேலை. நம்பரை ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசமா எழுத முடிஞ்சா காரணி தானா வந்துரும், a² − b² = (a − b)(a + b), ஸ்கூல்ல படிச்சதுதான். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 45,030, அதை ஸ்கொயர் பண்ணி நம்ம நம்பரைக் கழிச்சா 49,619. இது வர்க்கமா? இல்ல. அடுத்து 45,031க்கு திரும்ப ஸ்கொயர் எல்லாம் பண்ண வேணாம், கழிச்சு வந்த மீதி 49,619 கூட 90,061ஐ (45,030 + 45,031) கூட்டுங்க, அதுக்கடுத்து 90,063, அப்புறம் 90,065னு ரெண்டு ரெண்டா ஏத்திக்கிட்டே போனா போதும்.

ஒவ்வொரு மீதிக்கும் வர்க்கமூலம் போட்டுப் பாக்கணுமான்னா அதுவும் தேவையில்ல. வர்க்க எண் 2, 3, 7, 8ல முடியவே முடியாது, 0ல முடிஞ்சா 00, 5ல முடிஞ்சா 25, 1, 4, 9ல முடிஞ்சா பத்தாம் இடம் இரட்டைப்படையா இருக்கணும். இந்த வடிகட்டியில 1,39,680, 2,29,743, 3,19,808, 4,09,875 எல்லாம் பார்த்தவுடனே செத்துரும். 4,99,944 மட்டும் கொஞ்சம் ஏமாத்தும், ஆனா 707க்கும் 708க்கும் நடுவுல மாட்டிக்குது. பன்னெண்டாவது மீதி 10,40,400, அதாவது 1020². அப்போ a 45,041.

45,041 − 1020 = 44,021
45,041 + 1020 = 46,061

ரெண்டுமே பகா எண். இது தெரிஞ்சா மத்ததெல்லாம் ஈஸி. வகுத்திகள் மொத்தம் நாலுதான், அதுங்களோட கூட்டுத்தொகை 2,02,77,41,364. ரெண்டு காரணியும் 4ஆல வகுத்தா மீதி 1 வர்ற ரகம், அதனால ரெண்டையும் இரண்டு வர்க்கங்களோட கூட்டலா எழுதலாம்: 190² + 89², 170² + 131². எனக்கு இதுதான் ரொம்பப் புடிச்சது.

ஆனா ஒண்ணு, ரெண்டு காரணியும் பக்கத்து பக்கத்துல இருந்ததாலதான் பன்னெண்டு ஸ்டெப்ல முடிஞ்சுது, தள்ளித் தள்ளி இருந்தா இந்த முறை சாதா வகுத்தலை விட மோசமா இழுக்கும். ஒண்ணு இன்னொண்ணைவிட மூணு மடங்கு பக்கமா இருக்கும்னு சந்தேகம் வந்தா நம்பரை முதல்ல 3ஆல பெருக்கிட்டு ஆரம்பிங்க, கடைசியில கிடைச்ச காரணியில எது 3ஆல வகுபடுதோ அதை மறக்காம வகுத்துடுங்க.