ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றணும், எப்படி மாற்றணும்?

உங்கள் கார் டீசல் என்றால் இதைப் படிக்கவே வேண்டாம், அதில் ஸ்பார்க் பிளக்கே (தீப்பொறி விட்டு எரிபொருளைப் பற்றவைக்கும் பாகம்) கிடையாது. பெட்ரோல், சிஎன்ஜி வண்டிக்காரர்கள் மட்டும் மேலே வாங்க.

பிளக் எவ்வளவு நாள் உழைக்கும் என்பது அதன் முனையில் இருக்கும் உலோகத்தைப் பொறுத்தது. சாதாரண நிக்கல் பிளக் பெரும்பாலும் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர். இரிடியம் என்றால் 80,000, சில வண்டிகளில் 1,00,000 வரைகூடப் போகும். உங்கள் வண்டிக்கு எது என்று ஓனர் மேனுவலில் போட்டிருக்கும், கடைக்காரர் என்ன சொன்னாலும் அதுதான் கணக்கு. சிஎன்ஜி பற்ற அதிக வோல்டேஜ் தேவை, முனை சீக்கிரம் தேயும், அதனால் கொஞ்சம் முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

ஆனால் நம்ம பக்கம் கிலோமீட்டரை மட்டும் நம்ப முடியாது. புதுச்சேரியில் பல வீடுகளில் தினசரி வேலைக்கெல்லாம் ஸ்கூட்டர்தான். கார் ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டையிலிருந்து பெரிய மார்க்கெட் வரை போய்த் திரும்பினால் உண்டு. பிளக் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் மேலே படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும், இந்தக் குட்டி ஓட்டத்தில் அந்தச் சூடு எங்கே வரும்? தினமும் கடலூருக்குப் போய்வரும் வண்டியின் பிளக் இதைவிடச் சுத்தமாக இருக்கும். போதாததற்கு உப்புக்காற்று வேறு, பிளக்குக்கு மேலே உட்கார்ந்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் ‘காயில்’ இருக்கிறதே, அதன் கனெக்டரில் பச்சை பூத்துவிடும். அதனால் மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாசி வாக்கில், ஒரு பிளக்கையாவது கழற்றிப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கணும். பிளக் திருகி நிற்கும் இன்ஜின் ஹெட் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை போய்விடும், அப்புறம் செலவு ஆயிரங்களில். காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டை (பெரும்பாலும் 10 எம்எம்) கழற்றி, கனெக்டரின் பூட்டை அழுத்தி, காயிலை நேராக மேலே இழுங்கள். பிளக் குழியில் மண், தண்ணீர் இருந்தால் காற்றடித்து வெளியேற்றிய பிறகுதான் பிளக்கில் கை வைக்கணும், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். நீள எக்ஸ்டென்ஷனில் 16 எம்எம் பிளக் சாக்கெட் (பழைய வண்டிக்கு 21) மாட்டி இடப்பக்கமாகத் திருப்பினால் வந்துவிடும். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், வயர் மாறிப்போகாது.

கழற்றியதை வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் காபி நிறம் என்றால் எல்லாம் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது மேலே சொன்ன குட்டி ஓட்டம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிளக் மாற்றி மட்டும் பயனில்லை, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வெளுத்துக் கொப்புளம் விட்டிருந்தால் அதிகச் சூடு.

புதுசை முதலில் கையாலேயே திருகுங்கள், தடுக்கினால் எடுத்துவிட்டு மறுபடி நேராக வையுங்கள். கை நின்ற இடத்திலிருந்து வாஷர் உள்ள பிளக்குக்கு அரைச் சுற்று, கொஞ்சம் கூடுதலாக; அவ்வளவுதான், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர்) இருந்தால் மேனுவல் அளவுக்கு வைக்கலாம். மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் வேண்டாம், தேவைக்கு மேல் இறுகிவிடும். இரிடியம் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

காயில், கனெக்டர் எல்லாம் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தபின் இன்ஜின் நடுங்கினால் பெரும்பாலும் ஏதோ ஒரு கனெக்டர் ‘டிக்’கென்று உட்காரவில்லை. அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.