முருகைக்கல்லும் பனஞ்சலாகையும்: வடக்கின் பழைய கோயில்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊர் போகிற எங்கள் ஆட்களில் பலர் மடுமாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அடுத்த நாளே கொழும்புக்கு வாகனம் பிடித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கோயில்களுக்கென்று இன்னும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

மானிப்பாய்ப் பக்கமாகப் போனால் முதலில் நவாலி புனித பேதுருவானவர் கோயில். 1995 யூலை 9 அன்று, இடம்பெயர்ந்து வந்து இங்கே தங்கியிருந்த சனத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாளில் ஊரில் நின்றால் நினைவுப் பூசைக்குப் போங்கள்.

அங்கிருந்து சங்கானை. போர்த்துக்கேயர் காலக் கோயிலின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. தூரத்தில் நின்று படம் எடுத்தால் போதாது, கிட்டப்போய்ப் பாருங்கள். முருகைக்கல்லின் (கடற்பவளப் பாறைக் கல்லின்) துளைகளுக்குள் சுண்ணாம்புச் சாந்து இறங்கிப் பிடித்திருக்கும். ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடுகிற சுவர் அது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இப்படியான கோயில்களைத் தங்கள் புரட்டஸ்தாந்து மதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கத்தோலிக்கக் குருமார் வரக்கூடாது என்றிருந்த அந்தக் காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவாஸ் அடிகளை மறைத்துக் காத்த ஊர் சில்லாலை. சங்கானையிலிருந்து கிட்டத்தான். 2015இல் அவர் புனிதரானார். சில்லாலைக் கதிரை மாதாவைக் கும்பிடாமல் திரும்பாதீர்கள்.

மடுவும் இதே கதையின் தொடர்ச்சிதான். ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோன மாதா சுருவம் (சிலை) அது. யூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக்களுக்குப் போவதென்றால் தங்குமிடத்தை மிக முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஆறுதலாகச் செபிக்க விரும்பினால் சாதாரணக் கிழமை நாள்தான் நல்லது.

பல கோயில்கள் பகலில் பூட்டியிருக்கும். காலைப் பூசைக்குப் போய், முடிந்ததும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் மூப்பரிடம் கதை கேளுங்கள். பழைய கோயிலானால் அண்ணாந்து பாருங்கள்: கள்ளிக்கோட்டை ஓட்டுக்குக் கீழே பனஞ்சலாகை (பனைமரச் சட்டம்) தெரிகிறதா? சேமக்காலைக்கும் (கல்லறைத் தோட்டத்துக்கும்) ஒரு நடை போய் வாருங்கள். பூட்டனின் ஞானஸ்நானப் பதிவைத் தேடுகிறவர்கள் பங்கின் பெயரையும் ஏறத்தாழ எந்த வருடம் என்பதையும் அறிந்துகொண்டு, பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே எழுதுங்கள். போரில் அழிந்த பதிவேடுகளும் உண்டு.

கோயில் வேலைக்குக் காசு கேட்பார்கள். கொடுங்கள். பழையதை இடிக்கவா, திருத்தவா என்று மட்டும் முதலில் கேளுங்கள். எங்கள் ஊர்க் கோயிலை இடித்துக் கட்டிய வருடம் நானும் கேட்காமல் அனுப்பினேன். என் அம்மா கல்யாணம் முடித்த பீடத்தில் ஒரு கல்லும் இன்று இல்லை. முருகைக்கல் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே நின்று கல்லைத் தின்னும். சுண்ணாம்பாலேயே திருத்தச் சொல்லி, அதற்கென்றே எழுதிக் கொடுங்கள்.